ரேகைப் பதிவேடு பிறந்த கதை

இரவு 11 மணிக்கு ஒரு தடவை, விடியக்காலம் 3 மணிக்கு ஒரு தடவை. பெயர் பதியப்பட்ட ஆண்கள் போலீஸ் ஸ்டேஷனிலோ கிராம அதிகாரியின் முன்னாலோ போய் நின்று, ஊரில்தான் இருக்கிறோம் என்று தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் ஜெயில். உசிலம்பட்டிக் கரிசலிலிருந்து தேனி, உத்தமபாளையம், கம்பம் வரை, அன்றைய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பாதியில் பிறமலைக் கள்ளர் குடும்பங்கள் இப்படித்தான் ஏறக்குறைய முப்பது வருசம் வாழ்ந்தன. சர்க்கார் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றது. கட்டை விரலை மையில் அழுத்திய சனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள்.

அந்தப் பதிவேட்டில் ஏற, திருடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிறந்திருந்தால் போதும்.

இந்தக் கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. கள்ளர் வீட்டுக்கு வந்த அந்த ஏற்பாடு, ஊர் மாறி ஆள் மாறி இன்று முஸ்லிம் வீட்டு வாசலில் நிற்கிறது. டில்லியிலும் ஹைதராபாத்திலும் கொழும்பிலும் நியூயார்க்கிலும் நிற்பது போலவே, கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை சென்னையில் வாடகைக்கு அறை தேடும்போது அவன் பெயருக்கு முன்னாலும் வந்து நிற்கிறது. பாதுகாப்பா, உரிமையா என்று டிவியில் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள், நம் பள்ளத்தாக்கில் நடந்ததை ஒரு தரம் புரட்டிப் பார்த்தால் பாதி வாதம் மிச்சமாகும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பயம் உண்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரைச் சீமையின் பல ஊர்களில் காவல் கள்ளர்கள் கையில் இருந்தது. ஊர் காவல்கூலி கொடுக்கும்; மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். களவு போன மாட்டுக்குத் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுக்கத் துப்புக்கூலி தனி. திருடுவதும் துப்புச் சொல்வதும் ஒரே கை என்று குடியானவர்கள் புகைந்தார்கள். சில இடங்களில் அது நிசமாகவும் இருந்தது. 1896-ல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் ஊர்கள் ஒன்று சேர்ந்தன. பொதுவில் பணம் வசூலித்து, மாடு பறிகொடுத்தவனுக்கு அதிலிருந்து நட்டஈடு கொடுத்து, கள்ளர் காவலை வேண்டாம் என்று தள்ளினார்கள். அந்தப் பொதுப்பணத்தை வைத்தே அதைப் பண்டு என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்டு பரவிய இடங்களில் காவல்காரனை மட்டும் தள்ளவில்லை. கள்ளர் வீடுகளைக் கொளுத்தினார்கள், குடும்பங்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். எந்தக் கள்ளர் மாட்டை ஓட்டினார் என்ற கேள்வி அங்கேயே தொலைந்துபோனது.

அதற்கு முந்திய வருசம், 1895-ல்தான் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்கு அந்தத் தண்ணீர் ஏறவில்லை. வைகைத் தண்ணீர் கேட்டு அங்கே 58 கிராமங்கள் நடத்திய போராட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டு இழுத்தது. காவலும் போய், தண்ணீரும் வராத ஒரு சனத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். நிர்வாகத்துக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அதன் கையில் வேறொரு விடை தயாராக இருந்தது.

அந்த விடை வடக்கிலிருந்து வந்தது. 1871-ல் வட இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட சட்டம் அது. தச்சன் மகன் தச்சனாவது போல் திருடன் மகன் திருடனாவான், இந்தியாவில் தொழில் சாதியில் இருக்கிறது என்பது அதை முன்வைத்தவர்களின் தத்துவம். நம் சாதி முறையைப் பாடமாகப் படித்து, அதையே போலீஸ் விதியாக எழுதிவிட்டார்கள். 1911-ல் சட்டத்தைத் திருத்தி, சென்னை மாகாணம் உட்பட எங்கும் செல்லுபடியாக்கினார்கள். ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்தால், அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கொடுமைகள் எல்லாம் இதன் நிழலில் வளர்ந்தவைதான்.

ரேகைக்கும் ஒரு பிறப்பு உண்டு. உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. பத்து விரல் ரேகைகளையும் கணக்காக வகைப்படுத்தி 1,024 பிரிவுகளில் அடுக்கி, கேட்ட நிமிசத்தில் ஒருவரின் தாளை எடுத்துவிடும் முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் வைத்தார்கள். அதன் கணக்கைப் போட்டவர் வங்காளப் போலீஸில் இருந்த காஜி அஜீசுல் ஹக் என்ற முஸ்லிம் சப் இன்ஸ்பெக்டர். கூட உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரேகையை ஆளோடு பொருத்திப் பார்க்க இதைவிட நல்ல கருவி அன்று இல்லை. அதே கருவியைக் குற்றம் நடப்பதற்கு முன்பே ஒரு சாதி முழுவதன் கையிலும் அழுத்தியதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்த வேலை.

1914-ல் கீழக்குடிக் கள்ளர்கள் முதலில் அறிவிக்கப்பட்டார்கள். 1918-க்குள் மதுரை மாவட்டப் பிறமலைக் கள்ளர் எல்லோரும் பட்டியலில். ஊர் ஊராகப் பதிவு நடந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் சனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று கூடி நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 3-லும் எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருகிறார்கள்.

கள்ளர்களுக்காக வாதாட வந்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப். சாதியும் வேறு, மதமும் வேறு, மொழியும் வேறு. சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள். பிற்பாடு முத்துராமலிங்கத் தேவரும், கம்யூனிஸ்ட் தோழர்களும் சட்டத்தை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள்.

அந்தப் பதிவேடு களவைக் குறைத்ததா? நான் இதைப் போலீஸ்காரர் பக்கம் நின்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு ஸ்டேஷனில் நாலு கான்ஸ்டபிள். ராத்திரி 11 மணிக்கு ஐம்பது பேரை எண்ண வேண்டும், 3 மணிக்குத் திரும்ப எண்ண வேண்டும். வராதவனைத் தேடிப் போக வேண்டும். வராதவர்களில் பாதிப் பேர் வயக்காட்டுக் களைப்பில் தூங்கிப் போனவர்கள். மாடு களவு போன ஊருக்குப் போக ஆள் ஏது? தடம் பார்க்க நேரம் ஏது? எண்ணிக்கை சரியாக இருந்தால் மேலதிகாரிக்கு நிம்மதி. பதிவேடு என்பது போலீஸுக்கு வேலை நடந்த மாதிரி ஒரு தோற்றத்தைக் கொடுக்கிற சாதனம். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. யார் திருடன் என்று ஊருக்கு எப்போதுமே தெரியும். ஊரையே திருடன் என்று எழுதிவிட்டால் ஊர் ஏன் வாயைத் திறக்கும்? துப்பு கிடைக்கிற வாசலைத் தானே சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து தலையை எண்ணிக்கொண்டிருந்தது அந்த நிர்வாகம்.

சட்டத்தோடு கூடவே பள்ளிக்கூடமும் விடுதியும் வந்தன என்பதை மறைக்கக் கூடாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன; கம்பம் பள்ளத்தாக்கில் பலர் அங்கே படித்துத்தான் அரசு வேலைக்குப் போனார்கள். அந்தப் பெயரை எடுக்கலாமா கூடாதா என்று 2024-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கையை ஒட்டிப் பெரிய சண்டையே நடந்தது. பேரன் பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். தாத்தா வைத்த ரேகைக்கு வந்த ஒரே நட்டஈடு அது என்று அவன் நினைப்பதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

1947 ஜூன் 5 அன்று சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்டு 31 அன்று. ஆனால் ரத்தான மை காய்வதற்குள், 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. காகிதத்தில் அது சாதியைப் பார்ப்பதில்லை, தனி ஆளைத்தான் பார்க்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஸ்டேஷன் அலமாரியும் பழசு, அதிலிருந்து எடுத்து எழுதுகிற கையும் பழசு. கேடி லிஸ்ட், ரவுடி லிஸ்ட், ஹிஸ்டரி ஷீட் என்று பெயர்கள் மாறின. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர்மேல் கொள்ளை வழக்கு. சாட்சியமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஹிஸ்டரி ஷீட் திறந்து, நடுராத்திரியில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1962-ல் அந்த இரவுக் கதவுத் தட்டல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 11 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து போன சனங்களுக்கு அது முப்பது நாற்பது வருசம் தாமதம்.

இனி முஸ்லிம்கள் விசயத்துக்கு வருவோம். இங்கேயும் பயம் கற்பனையில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 1997 நவம்பர் கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டதும், அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அதே ஊரின் கதைதான். குண்டு வைத்தவனைப் பிடித்துத் தண்டிப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பிரச்சினை அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது: பெயரும் தாடியும் தொப்பியும் துப்பாக மாறுகிற இடத்தில்.

அப்படி மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்து மாலேகாவ் சாட்சி. 2006 செப்டம்பர் 8, ஷபே பராத் நாள், பள்ளிவாசலும் கபரஸ்தானும் சேர்ந்த இடத்தில் குண்டுகள் வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொழுகைக்கு வந்த முஸ்லிம்கள்தான் செத்தார்கள். பிடிபட்ட 9 பேரும் முஸ்லிம்கள். பத்து வருசம் கழித்து, 2016-ல் மும்பைத் தனி நீதிமன்றம் உயிரோடிருந்த 8 பேரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். குஜராத் அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்த 6 பேரை 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர்களும் உண்டு. உரிமை பறிபோனதை ஒரு பக்கம் வையுங்கள். நிசமாகச் செய்தவன் அத்தனை வருசமும் எங்கே இருந்தான்? பாதுகாப்பு என்ற பெயரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

2022 செப்டம்பர் 22 அன்று பாப்புலர் ஃப்ரண்ட் என்ற முஸ்லிம் அமைப்பின்மேல் தேசியப் புலனாய்வு முகமை நாடு முழுக்கச் சோதனை நடத்தியபோது தேனி மாவட்டமும் அதில் இருந்தது. ஆறு நாளில் அந்த அமைப்பு தடை செய்யப்பட்டது. தடையின் நியாய அநியாயம் தனி வழக்கு. பிடிபட்டவர்கள்மேல் உள்ள குற்றச்சாட்டை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஓர் அமைப்பையோ ஓர் ஆளையோ ஆதாரத்தோடு விசாரிப்பது போலீஸின் கடமை. நான் கேட்பது சோதனைக்கு மறுநாள் பற்றி. அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரிக்கு பஸ் ஏறும் பையனும் அன்றிலிருந்து யாராகப் பார்க்கப்படுகிறார்கள்? அந்தக் கல்லூரி 1956-ல் தொடங்கியது. முஸ்லிம் ஊர்ப் பெரியவர் பெயரில் நடக்கிற அந்த இடத்தில் பள்ளத்தாக்கின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்; ரேகை வைத்தவர்களின் பேரப் பிள்ளைகளும்தான்.

பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 வந்தால் பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கோயில் என்று தமிழ்நாடு முழுக்கச் சோதனை. நமக்கு அது சபரிமலை சீசனும்கூட. கம்பம் வழியாகக் குமுளிக்கு ராவும் பகலும் வண்டி போகும். எல்லோர் பையையும் திறந்து பார்ப்பதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஐயப்ப சாமியின் இருமுடியை விட்டுவிட்டு பாயின் பையை மட்டும் கொட்டச் சொன்னால், அது சோதனை என்ற கணக்கில் வராது. வெடி வைக்க நினைக்கிறவன் அன்றைக்கு எந்த வேசத்தில் வருவான் என்று யோசிக்கத் தெரியாத போலீஸ் இருக்க முடியாது.

இந்த வேலையை அமெரிக்கா பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 2002 செப்டம்பரில் அங்கே ஒரு பதிவேடு திறந்தார்கள். 25 நாட்டு ஆண்கள் நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும், விலாசம் மாறினால் சொல்ல வேண்டும். அந்த 25-ல் ஏறக்குறைய எல்லாமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். வட கொரியாவும் அதில் இருந்தது. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றார்கள். அதில் 13,000-க்கும் அதிகமானவர்களை நாடு கடத்த வழக்குப் போட்டார்கள். பயங்கரவாதக் குற்றத்தில் ஒரு தண்டனைகூட அந்தப் பதிவேட்டால் கிடைக்கவில்லை. 2011-ல் நிறுத்தி, 2016 டிசம்பரில் விதியையே எடுத்தார்கள். நியூயார்க் போலீஸ் பள்ளிவாசல், டீக்கடை, மாணவர் சங்கம் எல்லாவற்றிலும் ஆள் விட்டு ஒட்டுக் கேட்டது. அப்படிக் கேட்டதிலிருந்து தன் காலத்தில் ஒரு விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அந்த உளவுப் பிரிவின் உயரதிகாரியே 2012-ல் சாட்சியம் சொன்னார். 2014-ல் அந்த வேலையைப் பார்த்த தனிக் குழுவைக் கலைத்தார்கள். ரேகை, ஆஜர், விலாச மாற்றம்: உசிலம்பட்டித் தாத்தாவிடம் அந்த விதிகளை வாசித்துக் காட்டியிருந்தால் அடுத்த விதி என்னவென்று அவரே சொல்லியிருப்பார்.

இலங்கைக் கதை நம் தமிழுக்கு இன்னும் கிட்டம். 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அது குறிவைத்தது தமிழ் இளைஞர்களை. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. அஹ்னாஃப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர், தமிழில் ‘நவரசம்’ என்று கவிதைத் தொகுப்பு போட்டவர், 2020 மே மாதம் கைதானார். கவிதை தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, இது தீவிரவாதத்துக்கு எதிரான கவிதை என்றார்கள். 2021 டிசம்பரில் ஜாமீன், 2023-ல்தான் விடுதலை. எவனுக்காக எழுதினாலும் இந்த மாதிரிச் சட்டம் அவனோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து வீட்டு உதாரணம் வேண்டாம்.

நம் ஊருக்குத் திரும்பினால், பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-ல்தான் கைதிகளின் அடையாளம் எடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. 2022-ல் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ரேகையோடு கருவிழியும் விழித்திரையும் எடுக்கலாம். எடுத்ததை 75 வருசம் வைத்திருக்கலாம். யாருடையது போய்ச் சேர்கிறது என்பதுதான் கவலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைக் கணக்கில், விசாரணைக் கைதிகளில் முஸ்லிம்களின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கான 14.2 சதவீதத்தைவிட ஆண்டுதோறும் அதிகமாகவே இருக்கிறது.

இரண்டு கதையும் கடைசியில் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தன. டில்லி ஓக்லா எம்எல்ஏ அமானத்துல்லா கான்மேல் போலீஸ் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. அதில் வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் விவரத்தையும் சேர்த்துவிட்டார்கள். 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பெயரை எடுக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, ஏழைச் சமூகங்களில் பிறந்தவர்களின் பெயரை யந்திரம் மாதிரி ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றும் பழக்கம் இருக்கிறது என்று கவலை தெரிவித்து, எல்லா மாநிலங்களும் தங்கள் விதியைத் திரும்பப் பார்க்கச் சொன்னது. அதே வருசம் அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே நீக்கச் சொல்லி, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மிச்சசொச்சத்தைப் பேர் சொல்லிக் கண்டித்தது. ஒரு முஸ்லிம் எம்எல்ஏ போட்ட வழக்கு, ஒரு காலத்தில் ரேகை வைத்த சீர்மரபினர் வீட்டுப் பையனுக்கும் காப்பாக வந்தது. 1871 சட்டம் சாத்தி வைத்த அந்தக் கோர்ட்டுக் கதவு திறந்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அதனால் தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது நீளமான பட்டியல் இல்லை. ஸ்டேஷன் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறினால், என்ன செயலுக்காக ஏறியது என்று அவருக்கு எழுத்தில் கொடுங்கள். வருசத்துக்கு ஒருமுறை போலீஸ் அல்லாத ஒரு நீதிபதி அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். காரணம் இல்லாத பெயரை அன்றே அடிக்கட்டும். பெருங்காமநல்லூருக்கு ஏப்ரல் 3 அன்று மாலை எடுத்துக்கொண்டு போகிற எல்லாக் கட்சி எம்எல்ஏக்களே, இந்த வருசம் சட்டமன்றத்தில் இதைக் கேளுங்கள். முஸ்லிம்களுக்காகக் கேட்க யோசனையாக இருந்தால், அந்தத் தூணில் இருக்கிற 16 பேருக்காகவாவது கேளுங்கள்.